உ என்ற முத்திரை

ஜூன் 8, சனி

இன்று கேன்டீனில் மகுடபதி தான் செய்த கத்தியால் மாம்பழம் வெட்டினான். அவனும் நானும் ஒரே சமயத்தில் இந்தப் பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் தரக் கட்டுப்பாட்டுக்குப் போனேன், அவன் டூல் ரூமிலேயே தங்கிவிட்டான். லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் கரி அடுப்பில் காய்ச்சி அடித்தானாம். மேனேஜர் முதற்கொண்டு எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் முன்கை முடியைச் சிரைத்துக் காட்டினார். என் முறை வந்தபோது கண்ணுக்கு நேராகப் பிடித்து விளிம்பைப் பார்த்தேன். நேராக இல்லை. சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. மாம்பழம் நன்றாக இருந்தது.

எனக்குப் பொறாமை என்றில்லை. அடுத்தவர் செய்த பொருளை அளந்து பார்த்து, சரி என்றோ தள்ளு என்றோ சீட்டு ஒட்டுவதுதான் இத்தனை வருடமாக என் வேலை. நானாக ஒன்று செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. அவ்வளவுதான்.

கணபதி ஏரியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை சும்மா கிடக்கிறது. கரி அடுப்பெல்லாம் வேண்டாம். கேஸில் எரியும் உலை கட்டப் போகிறேன். ஒவ்வொரு கட்டத்தையும் இதில் எழுதுவேன். மனைவி கோகிலாவிடம் சொன்னேன். கட்டுங்க என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அரை நாள். உலையின் உடம்புக்குத் தடித்த குழாய்த் துண்டு ஒன்று கிடைத்தது. பட்டறைக் கல்லுக்குப் பதிலாக, தேய்ந்துபோன டை பிளாக் ஒன்று, அச்சு வேலைக்கான கனத்த எஃகுக் கட்டை. ஆட்டோக்காரர் தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பிறகு அவரே தூக்கினார்.

குழாயின் உள்சுவரில் செராமிக் கம்பளியை இரண்டு அடுக்காகச் சுற்றினேன். பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறது, ஆனால் எவ்வளவு சூட்டையும் தாங்கும். கோகிலா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தன் லேப் முகமூடியை எடுத்துவந்து என் மூக்கில் கட்டினாள். இந்த இழை நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராதாம். எனக்குத் தெரியும். முகமூடி வாங்குவதாகத்தான் இருந்தேன்.

கோகிலா காந்திபுரத்தில் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறாள். பல்லுக்கு மாட்டும் உலோக உறைகளை உருக்கி வார்த்து, தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான்கள். நான் இங்கே செய்வது வேறு.

ஜூன் 23, ஞாயிறு

கம்பளி இழை பறக்காமல் இருக்க, அதன்மேல் உலைச் சிமெண்ட் பூசியாகிவிட்டது. வழவழவென்று முட்டை ஓட்டின் உட்புறம் போல வந்திருக்கிறது. முதல் பூச்சு நான். அது உதிர்ந்துவிட்டது. இரண்டாவது கோகிலா.

ஜூன் 30, ஞாயிறு

பர்னர் தகராறு செய்கிறது. பார்க்க எளிய பொருள்தான். ஒரு குழாய். அதன் பின்முனையில் ஊசிக்கண் போன்ற துளை வழியாகக் கேஸ் சீறி வரவேண்டும். வருகிற வேகத்தில் சுற்றியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போய் முன்முனையில் எரியவேண்டும். தீ உலைக்குள் நிற்கவேண்டும். என்னுடையது பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் குழாய்க்குள்ளேயே பின்வாங்கி, டப் என்று வெடித்து அணைந்துவிடுகிறது.

ஜூலை 2, செவ்வாய்

துளையைச் சிறிதாக்கினேன். டப்.

ஜூலை 4, வியாழன்

பெரிதாக்கினேன். டப். மகுடபதி இன்று இரண்டாவது கத்தி கொண்டுவந்திருந்தான்.

ஜூலை 7, ஞாயிறு

உலை எரிகிறது.

காலையிலிருந்து முயன்றுகொண்டிருந்தேன். கோகிலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், வாளியை வைத்துவிட்டு வந்தாள். தீயைப் பார்க்கவில்லை. கொட்டகைச் சுவரைப் பார்த்தபடி சத்தத்தை மட்டும் கேட்டாள். காற்று போதவில்லை, இழுக்க இடமில்லாமல் முட்டுகிறது என்றாள். லேபில் தினமும் உலோகம் உருக்குகிற தீயைப் பற்றவைக்கிறவள் இல்லையா. கேஸ் துளை இருக்கும் திருகைத் தளர்த்தி, ஒரு நகக்கண் அளவு பின்னால் நகர்த்தி, மறுபடி இறுக்கினாள். பற்றவைத்தேன். தகரத்தில் கனமழை பெய்வதுபோல் ஒரே சீரான இரைச்சல். உள்ளே சிவப்பாகி, ஆரஞ்சாகி, பிறகு பார்க்கக் கண் கூசும் மஞ்சளானது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி என்ன சமாச்சாரம் என்று கேட்டார். உலை கட்டியிருக்கிறேன் என்றேன்.

துளை அளவை நான் சரிசெய்ததிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்திருந்தது. மீதியையும் சாயந்திரத்துக்குள் கண்டுபிடித்திருப்பேன்.

ஜூலை 21, ஞாயிறு

என் முதல் கத்தி. லாரிப் பட்டைத் துண்டைக் காய்ச்சி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அடித்து, தேய்த்து, வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். அழகாகவே இருந்தது. இன்று தோய்ச்சல். காந்தம் ஒட்டாத சூடு வரும்வரை காய்ச்சி, எண்ணெயில் அமுக்க வேண்டும். அப்போதுதான் இரும்பு கெட்டிப்படும். அமுக்கினேன். வெளியே எடுத்தபோது வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது.

கோகிலா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

மிச்சமிருந்த துண்டைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கோகிலா கத்தி செய்திருக்கிறாள்.

லேபிலிருந்து வந்ததும் காபி குடித்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போவாள். விளையாட்டுக்கு என்று விட்டுவிட்டேன். அவள் அடிப்பது கொஞ்சம்தான். இரும்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். எடுப்பாள், நாலைந்து தட்டு, மறுபடி உள்ளே. தோய்த்த பிறகு, சமையலறையில் கேக் சுடுகிற ஓவனில் இரண்டு தடவை வைத்து எடுத்தாள். வைக்கோல் நிறம் வந்தது. தோய்த்த இரும்பு கண்ணாடி மாதிரி பட்டென்று போய்விடும், இப்படி இளஞ்சூட்டில் வைத்தால்தான் உடையாது என்று எனக்கு விளக்கினாள். டிப்ளமோ இரண்டாம் வருடப் பாடம் இது. எனக்கே.

தடிமன் அளக்கும் வெர்னியர் வைத்துப் பார்த்தேன். பிடிக்குப் பக்கத்தில் இரண்டு பக்கத் தடிமனும் ஒன்றாக இல்லை. காட்டினேன். அவள் ஒரு தக்காளியை எடுத்து அரிந்தாள். துண்டு ஈர வெங்காயத் தோல் மாதிரி பலகையில் ஒட்டிக்கொண்டது. அதன் வழியாகப் பலகையின் ரேகை தெரிந்தது.

"தக்காளிக்கு வெர்னியர் தெரியாதுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நானும் இதற்குள் வளையாமல் ஒன்று முடித்துவிட்டேன். இரண்டு கத்தியையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரிஸ்வானிடம் போனேன். அடுத்த தெருவில் கறி வறுவலுக்குப் பேர்போன சின்ன ஓட்டல் வைத்திருக்கிற பையன். கறியை எலும்பிலிருந்து பிரிக்கிற வேலையை அவனே செய்வான், ஆளிடம் விடமாட்டான். கத்தியைப் பற்றிச் சொல்ல அவனைவிட்டால் ஆளில்லை.

முதலில் என்னுடையதை எடுத்தான். இரண்டு இழுப்பு இழுத்தான். நல்லாருக்குங்ணா என்று சொல்லிக் கீழே வைத்தான். பிறகு அவளுடையதை எடுத்தான். ஒரு முழுத் தொடையைப் பிரித்து முடிக்கும்வரை நிமிரவில்லை. எலும்பு வெள்ளையாகத் தனியே வந்தது.

"எங்க போகோணும்னு இதுக்கே தெரியுதுங்ணா" என்றான். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்தான். "கைங்ணா இது."

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

யார் செய்தது என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவளுடையதை அவனே வைத்துக்கொண்டான். அதேபோல இன்னும் மூன்று வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து ரிஸ்வானுக்குப் பிடித்திருந்தது என்றேன். ரெண்டுல எது என்று கேட்டாள். ரெண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மூன்று கத்தியும் தயார். அவளுக்கு லேப் வேலை இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு, நானே செய்துகொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பரவால்லீங்க, பொழுதுபோகுது என்றாள். பாடிக்கொண்டு வேறு அடிக்கிறாள்.

பிடி போட்டுப் பளபளப்பாக்கியது நான். தகட்டில் அமிலத்தால் முத்திரை அரிக்க ஓர் அச்சு வெட்டியிருந்தேன். 'உ'. கோகிலாவின் முதல் கத்தியை மெருகு போட்டுத் தருகிறேன் என்று ரிஸ்வானிடமிருந்து வாங்கி வந்து அதிலும் வைத்தேன். கோகிலா தடவிப் பார்த்துவிட்டு, உங்க பேரு உதயசங்கர்ல வர்ற உ-வா என்று கேட்டாள். பிள்ளையார் சுழி என்றேன். ஓ என்றாள்.

எந்த வேலை தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போடுவது வழக்கம்தானே. பொய் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

ரிஸ்வான் ஒரு வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறான். தொடைக்கறி பிரிப்பது, நடுவில் கத்தியின் முத்திரை பெரிதாக, கடைசியில் "கணபதி உதயசங்கர் அண்ணா தன் கையால செஞ்சது" என்று அவன் குரல். இன்று கம்பெனியில் எல்லோர் போனிலும் அதுதான். மேனேஜர் என் தோளில் கைவைத்துப் பேசினார். மகுடபதி என் மேசைக்கு வந்து, தோய்ச்சலுக்கு எந்த எண்ணெய் என்று கேட்டான். சொல்லவில்லை. நல்ல நாள்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனால் கொட்டகையிலிருந்து உலைச் சத்தம் தெருமுனைக்கே கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இருந்த சந்தோஷமெல்லாம் இறங்கிவிட்டது.

கோகிலாவிடம் ஸ்மார்ட்போன் உண்டு. ஆனால் அவள் வீடியோ பார்க்கிற ஆளில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

கைவினைக் கண்காட்சி நடத்துகிற அமைப்பிலிருந்து ஒரு அம்மா பேசினார். அக்டோபரில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடக்கிறதாம். மேடை போட்டு, உலை வைத்து, மக்கள் முன்னால் ஒரு கத்தி செய்துகாட்ட வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

நன்றாகச் செய்துவிடலாம். அவள் செய்வதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ரெகுலேட்டரில் கேஸ் கசிகிற மாதிரி வாசம் வந்தது. கழற்றி, சோதித்துப் பார்க்கக் கம்பெனிக்கு எடுத்துப் போயிருக்கிறேன். பாதுகாப்பு முக்கியம். ஒரு வாரம் உலை எரியாது. கோகிலா முகர்ந்து பார்த்துவிட்டு, எனக்கு வாசம் ஒண்ணும் தெரியலீங்களே என்றாள். உனக்கு லேபில் எல்லா வாசமும் பழகிவிட்டது என்றேன்.

சாயந்திரம் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அலமாரிகளைத் துடைத்தாள். பிறகு துடைத்த அலமாரிகளையே மறுபடி துடைத்தாள்.

செப்டம்பர் 18, புதன்

லீவு போட்டேன். கோகிலா லேபுக்குப் போனதும் ரெகுலேட்டரை மாட்டினேன். ரிஸ்வானுக்கு நுனி மெலிந்த கத்தி ஒன்று வேண்டும், எலும்பு மூட்டுக்குள் விட்டு நெம்ப. இதை முழுக்க நானே செய்வதென்று முடிவெடுத்திருந்தேன்.

முதல் தகடு எண்ணெயில் அமுக்கியதும் டிக் என்று ஒரு சத்தம். குறுக்கே விரிசல். இரண்டாவது வளைந்தது. மூன்றாவது வந்துவிட்டது. அரம் போட்டுப் பார்த்தேன், வழுக்கியது. அவ்வளவு கெட்டி. இடுக்கியில் பிடித்தபடி வெயிலில் கொண்டுபோய்க் கண்ணுக்கு நேராகப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நேர். இவ்வளவு நேராக அவளுடையதுகூட ஒன்றும் இருந்ததில்லை.

அவள் வருவதற்குள் தேய்த்து, பிடி போட்டு, முத்திரை வைத்து, கொட்டகையைக் கூட்டிவிட்டேன். ஓவனில் வைக்கவில்லை. வைத்தால் சமையலறை முழுக்க எண்ணெய் வாடை நிற்கும். இவ்வளவு நன்றாக வந்திருப்பதற்கு அது தேவைப்படவும் செய்யாது.

செப்டம்பர் 19, வியாழன்

ரிஸ்வானிடம் கொடுத்தேன். என்னாலும் முடியும்.

செப்டம்பர் 25, புதன்

ரிஸ்வான் கையில் கட்டு.

மத்தியானம் போன் செய்து வரச் சொன்னான். மூட்டில் விட்டு நெம்பும்போது கத்தி நுனி பட்டென்று உடைந்து, பிடித்திருந்த கை சறுக்கி, மீதித் தகடு இடது உள்ளங்கையில் இறங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் தையல். நரம்பு தப்பியது. உடைந்த நுனி கறிக்குள் இருக்கிறதோ என்று அன்றைக்கு வெட்டிய எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள்.

அவன் கோபப்படவில்லை. உடைந்த கத்தியையும் பழைய கத்தி ஒன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"இது உங்க கை இல்லீங்ணா. புடிக்கும்போதே தெரிஞ்சுது. யாரு செஞ்சது?"

கடைக்குள் வேலைக்காரர்கள் இருந்தார்கள். கல்லாவில் அவன் அத்தா இருந்தார். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை.

"வீட்டுக்காரி செஞ்சது. இப்பத்தான் கத்துக்கிட்டு இருக்கா."

ரிஸ்வான் தலையாட்டினான். அக்காவைத் திட்டிவிடாதீர்கள் என்று சொன்னான்.

செப்டம்பர் 26, வியாழன்

வேலை அதிகம். ஒரு லாட் பம்ப் முழுவதையும் தள்ளினேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

அவன் வீட்டுக்கு வருவான் என்று நான் நினைக்கவில்லை.

காலை பத்து மணிவாக்கில், கையில் கட்டோடு, ஒரு டப்பாவில் நெய்ச்சோறு எடுத்துக்கொண்டு வந்து நின்றான். கோகிலா கதவைத் திறந்தாள். நான் உள்ளறையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

தனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றான். கற்றுக்கொள்ளும்போது இப்படி ஆவது சகஜம், மனசு விட்டுவிடக் கூடாது, அண்ணன் மாதிரி கைக்காரர் பக்கத்தில் இருக்கும்போது சீக்கிரம் வந்துவிடும் என்றான். நல்ல மனசோடு சொன்னான். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. உடைந்த கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அவள் அதைப் பிரிக்கிற சத்தமும் கேட்டது.

பிறகு அவள், கை வலிக்குதுங்களா தம்பி என்று விசாரித்தாள். மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னாள். டப்பாவைக் கழுவி, அதில் கொஞ்சம் முறுக்கு வைத்துக் கொடுத்தனுப்பினாள். நான் கூடத்துக்கு வந்தபோது அவள் ஜன்னல் வெளிச்சத்தில் உடைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லை எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

"ஓவன்ல வெச்சீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

மத்தியானம் நெய்ச்சோற்றை எனக்குப் பரிமாறினாள். தான் சாப்பிடவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

கோகிலா நேற்று சாயந்திரம் லேபிலிருந்து நேராக ரிஸ்வான் கடைக்குப் போயிருக்கிறாள். இன்று அவன் போன் செய்ததால்தான் எனக்குத் தெரியும். உடைந்ததைத் தான் செய்யவில்லை, முன்னால் கொடுத்த நாலும்தான் தன்னுடையது என்று கல்லாவுக்கு முன்னால் நின்று சொன்னாளாம். தேய்த்த விதத்தைக் காட்டி எப்படி அடையாளம் தெரியும் என்றும் சொல்லிக்கொடுத்தாளாம். ரிஸ்வான் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை. அவங்ககிட்ட நான் போய் அப்படியெல்லாம் பேசிட்டு வந்திருக்கேன், எனக்கு எப்படி இருக்கும்னு நீங்களே சொல்லுங்க என்றான். இனி கத்தி விஷயம் அக்காவிடமே பேசிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சத்தம் போட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், என் மரியாதை என்ன ஆவது என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து, தண்ணீரை வடித்து, அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சொல்லியிருந்தா நீங்க வந்து சொல்லியிருப்பீங்களா?"

நான் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து மேசையில் வைத்தேன்.

"என்ற பேர மறைச்சீங்க. வீடியோ வந்த அன்னிக்கே லேப்ல காட்டுனாங்க. வீட்டுல யாரு பேரா இருந்தா என்னன்னு விட்டுட்டேன். செய்யாததச் செஞ்சேன்னு சொன்னீங்க, அதும் போகட்டும். ஓவன்ல வெக்காத இரும்புன்னு தெரிஞ்சே ஒருத்தர் கையில குடுத்தீங்களே. அத எப்படிங்க?"

அவள் குரல் உயரவில்லை. என் கையெழுத்தோடு சரி என்ற சீட்டு ஒட்டிப் போகிற ஒவ்வொரு பம்பையும் நினைத்தேன். ஒன்றில்கூட நான் அப்படிச் செய்ததில்லை. அவளை ஜெயிக்க வேண்டும் என்ற ஒன்றில் மட்டும் செய்தேன்.

வீடியோவை அவள் அன்றே பார்த்திருக்கிறாள். இந்த ஒரு மாதமும் தெரிந்தேதான் எனக்குக் காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

கொட்டகை எனக்கே எனக்கு. அவள் பின்பக்கம் வருவதில்லை. உலையைப் பற்றவைத்தேன். கொஞ்ச நேரம் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அணைத்துவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. உலைக்கும் சுத்தியலுக்கும் நான் ஒருவனாகச் சந்தனப் பொட்டு வைத்தேன். அவள் லேபில் பூஜை முடித்துவிட்டுப் பொரியும் கடலையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கொட்டகைக்கு வரவில்லை.

அக்டோபர் 12, சனி

கண்காட்சி அம்மாவுக்குப் போன் செய்தேன். செய்துகாட்டப் போவது நான் இல்லை, கத்திகளைச் செய்தது என் மனைவி கோகிலவாணி, அவளிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். நோட்டீஸ் அச்சாகிவிட்டதே என்றார். மாற்றுங்கள் என்றேன். காரணம் கேட்டார். முன்னால் சொன்னது தப்பு என்றேன். இவ்வளவையும் சொல்லி முடித்தபோது முதுகில் சட்டை ஒட்டியிருந்தது.

நல்லது செய்த திருப்தி வரும் என்று பார்த்தேன். நோட்டீஸில் அவள் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் வரும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

அவர்கள் அவளிடம் பேசியிருக்கிறார்கள். சாயந்திரம் கோகிலா என்னிடம் வந்து, மேடையில் உலையை எப்படி வைப்பது, சிலிண்டர் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் என்று கேட்டாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு இவ்வளவு பேசினாள். தாளில் வரைந்து காட்டினேன். மடித்து எடுத்துக்கொண்டு போனாள். நீங்களும் வரணும் என்றும் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

போனேன். உலையையும் டை பிளாக்கையும் ஏற்றி இறக்க ஆள் வேண்டுமே.

வெயில் நன்றாக அடித்தது. பந்தலுக்குள் நல்ல கூட்டம். மகுடபதி தன் வீட்டாரோடு முன்வரிசையில் இருந்தான். ரிஸ்வான் பின்னால் நின்றான். கட்டு பிரித்துவிட்டார்கள். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. நான் அவனிடம் போய், கையைப் பார்த்து, தப்பு பண்ணிட்டேன் ரிஸ்வான் என்றேன். ம் என்றான். அவ்வளவுதான் கிடைத்தது. அவ்வளவுதான் கிடைக்கும்.

கோகிலா சேலைக்கு மேல் தோல் ஏப்ரன் கட்டி, லேப் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றாள். சிலிண்டர் பக்கம் நான். பற்றவைக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். திறந்தேன். மைக்கில் எதுவும் பேசமாட்டேன் என்று சொல்லியிருந்தவள், இரும்பு நிறம் மாறத் தொடங்கியதும் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டாள். இந்தச் சிவப்பில் அடித்தால் இரும்பு முறைத்துக்கொள்ளும், இன்னும் கொஞ்சம் பொறுக்கணும், இதோ இப்போது என்று. கூட்டம் முழுக்க அவளோடு சேர்ந்து பொறுத்தது. அவள் தட்டியபோது ஒரு குழந்தை கைதட்டியது. நான் தலையைத் திருப்பி ரெகுலேட்டரைப் பார்த்தேன். பாதுகாப்புக்கு என்று எழுதலாம். பாதுகாப்புக்கு இல்லை. பொறாமை.

தோய்ச்சல் முடிந்து தகடு நேராக வெளியே வந்தது. எல்லோரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். மகுடபதி அவளிடம், இந்த மாதிரி உலையை எங்கே வாங்குனீங்க என்று கேட்டான்.

"வாங்கலீங்க, இவர் கட்டுனது" என்றாள். "இது நெறம் மாறாம நின்னு எரியறதாலதான் என்னால பாத்துப் பாத்துச் செய்ய முடியுது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகுடபதியும் பார்த்தான். அவள் சொன்னதில் ஒரு சொல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. பர்னரைத் தான் திருத்தியதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை. சிலிண்டரை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் உலை அவள் கட்டியது என்று சொல்லியிருப்பேனா என்று பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன். இரும்பு மட்டும் இல்லை, இதுவும் அவளுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை.

சாமான்களை இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தபோது அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தோள் விண்ணென்று தெறிக்கிறது என்றாள். தைலத்தை எடுத்துவந்து தோளில் தேய்த்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த கத்தியைத் தோய்க்கும்போது பக்கத்தில் நின்று நிறம் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கேட்பதற்கு ரொம்ப நேரமானது. அவள் கண்ணைத் திறக்காமலே, பாக்கலாங்க என்றாள்.

பிறகு கையை நீட்டினாள். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டேன். சுத்தியல் பிடிக்கிற இடத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, தோல் தடித்துக் காய்த்திருந்தது. அவள் தூங்கிவிட்டாள் என்று தெரிந்ததும் என் உள்ளங்கையைத் திருப்பி வைத்துப் பக்கத்தில் பார்த்தேன். அந்த இடம் மெத்தென்று இருந்தது.